ஒரு கழுத்து, இரண்டு வைத்தியம்

பாளையங்கோட்டையில் இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த வருஷமே, 1965-ல், ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரே ஊர், ஒரே அரசாங்கம், ஒரு வருஷ இடைவெளி. ஒன்றில் நாடி பிடித்துப் பார்த்து வாதம், பித்தம், கபம் என்று எழுதுகிறார்கள். இன்னொன்றில் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் என்று எழுதுகிறார்கள். அங்கே எழுதிய சீட்டை இங்கே யாரும் கேட்பதில்லை, இங்கே எழுதியதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

தச்சநல்லூரில் பஸ் ஏறி, ஜங்ஷன் வந்து, 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டி வருகிற ஒருவர் இந்த இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். இரண்டுக்கும் போகிறவர்களும் உண்டு. காலையில் ஆஸ்பிரின் மாத்திரை, ராத்திரி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம். ஆக, "ஒருங்கிணைந்த மருத்துவம்" என்று மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அது ஏற்கெனவே நம்மூரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நடத்துவது எந்த டாக்டரும் இல்லை, நோயாளியே. அதுவும் இரண்டு டாக்டரிடமும் சொல்லாமல்!

இப்படி ஆனது எப்படி? இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துப் பார்க்க இந்த நாட்டில் முயற்சியே நடக்கவில்லையா? நிறையவே நடந்திருக்கிறது. அந்தக் கதையைப் பார்க்க ஒரு நோயை எடுத்துக்கொள்வது வசதி. கழுத்துத் தமனி அடைப்பை எடுத்துக்கொள்வோம்.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒவ்வொன்று உண்டு. கரோட்டிட் தமனி என்று பெயர். மயக்கம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தாடைக்குக் கீழே இந்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. பிரஷர், சர்க்கரை, புகை மூன்றும் அதற்கு உரம். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஒரு நாள் அந்தப் படிவில் ஒரு துணுக்கோ, அதன் மேல் உறைந்த ரத்தமோ பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளைக்குள் ஒரு சின்னக் குழாயை அடைத்தால் பக்கவாதம். அதற்கு முன்னால் சில பேருக்கு ஒரு எச்சரிக்கை வரும். கொஞ்ச நேரம் கை தூக்க வராது, அல்லது பேச்சு குழறும், அல்லது ஒரு கண் மட்டும் திரை போட்டது போல இருட்டும். பிறகு தானாகவே சரியாகிவிடும். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். உண்மையில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அதுதான்.

மேற்கத்திய மருத்துவமும் இதை ரொம்ப காலமாகத் தெரிந்து வைத்திருந்தது என்று நினைக்க வேண்டாம். பக்கவாதம் என்றால் கோளாறு மூளைக்குள்தான் என்று பெரும்பாலும் தலைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள். 1951-ல் கனடாவைச் சேர்ந்த மில்லர் ஃபிஷர், பக்கவாதத்தின் வேர் பல பேருக்குக் கழுத்தில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். 1954 மே மாதம் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில், அடிக்கடி கை கால் விழுந்து விழுந்து சரியாகிக்கொண்டிருந்த 66 வயதுப் பெண் ஒருவருக்கு, உடலைக் குளிர்வித்து, அடைத்த பகுதியை வெட்டியெடுத்துத் தமனியைச் சேர்த்துத் தைத்தார்கள். அவருக்கு அந்தத் தொல்லை நின்றது. அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி இந்த மாதிரி அறுவை செய்திருந்தார்.

ஆனால் அறுவை செய்வது நல்லதா, மாத்திரையே போதுமா என்பதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும், சமீபத்தில் எச்சரிக்கை அறிகுறியும் உள்ள 659 பேரை வட அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு வருஷத்தில் 100-க்கு 26 பேருக்கு அந்தப் பக்கம் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 9. லண்டன் அறுவைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் 37 வருஷம். இந்த 37-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "ஆங்கில மருந்து எல்லாம் நிரூபித்தது, நாட்டு மருந்து எதுவும் நிரூபிக்காதது" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களுக்குச் சொல்ல உதவும்.

சித்த மருத்துவம் இதை எப்படிப் பார்த்தது? குழாயில் அடைப்பு என்ற படம் அங்கே கிடையாது. வாத நோய்கள் 80 என்று யூகி வைத்திய சிந்தாமணி வகுக்கிறது. கை கால் ஒரு பக்கமாக விழுந்துபோவது அந்தக் கணக்கில் வருகிறது. அதற்கு உளுந்துத் தைலம், தொக்கணம், வர்மம், உள்ளுக்குச் சூரணங்கள். ஒருமுறை விழுந்த கையைத் தூக்க வைப்பதற்கு மாதக்கணக்கில் எண்ணெய் போட்டுத் தேய்த்து, அசைத்து, பக்கத்திலேயே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொள்வது... இதன் அருமை, பக்கவாதம் வந்தவர் உள்ள வீட்டுக்குத்தான் தெரியும். ஆனால் இன்னும் விழாத கை, இன்னும் அடைத்து முடியாத தமனி, இதைப் பற்றிச் சித்த மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. (ஒரு இடைச்செருகல்: அடைப்பு இருக்கும் கழுத்தை அழுத்தித் தேய்ப்பதும், சலூனில் "டக்" என்று சொடுக்கெடுப்பதும் வேண்டவே வேண்டாம். கழுத்தைத் திருகுவதால் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.)

சரி, சேர்த்துப் பார்க்கும் முயற்சிகளுக்கு வருவோம். முதல் முயற்சி சென்னையில், 1918-ல். அரசாங்கம் டாக்டர் கோமன் என்பவரை நியமித்து, நாட்டு மருந்துகளைச் சென்னைப் பொது மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொன்னது. அவர் எழுதினார். சில மருந்துகளைப் பாராட்டினார், ஆனால் அந்த வைத்திய முறைகளைப் பற்றிய அவருடைய தீர்ப்பு வைத்தியர்களைக் கொதிக்க வைத்தது. எங்கள் மருந்தை எடுத்துக்கொண்டு எங்கள் சாஸ்திரத்தைத் தள்ளிவிட்டு எப்படிச் சோதிக்கலாம் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நூறு வருஷமாகத் தீரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

அதற்குள் அரசியலும் மாறியது. 1919 சட்டப்படி சுகாதாரத் துறை இந்திய மந்திரிகள் கைக்கு வந்தது. சென்னையில் நீதிக் கட்சி ஆட்சி. 1921-ல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இவர் ஆங்கில மருத்துவம் படித்து, முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்தவர். அப்படிப்பட்டவர்தான் நாட்டு வைத்தியத்துக்காக வாதாடி நீண்ட அறிக்கை எழுதினார் என்பது இந்தக் கதையின் அழகு. சித்த வைத்தியர்களின் சாட்சியங்கள் உட்பட நிறைய வாக்குமூலங்கள் வாங்கி 1923-ல் அறிக்கை வந்தது. சுருக்கம் இது: இந்திய முறைகளுக்குத் தர்க்கமும் சாஸ்திரமும் உண்டு, மருந்து கொடுப்பதில் அவை பெரும்பாலும் தன் காலில் நிற்கின்றன, செலவும் குறைவு, அறுவை சிகிச்சையில் மட்டும் போதாது. அந்தக் குறையை மேற்கிலிருந்து வாங்கி நிரப்பலாம்.

1925-ல் சென்னையில் இந்திய மருத்துவத்துக்கு அரசுப் பள்ளி திறந்தது. சீனிவாசமூர்த்திதான் முதல் முதல்வர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும், கூடவே உடற்கூறு போன்ற மேற்கத்தியப் பாடங்களும். இரண்டும் தெரிந்த டாக்டரை உருவாக்கிவிட்டால் போதும், சேர்க்கை அந்த டாக்டரின் தலைக்குள் தானாக நடந்துவிடும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. நாட்டின் பல இடங்களில் இப்படிப்பட்ட கல்லூரிகள் வந்தன, பல இடங்களில் மாணவர்கள் எங்களுக்கு எம்.பி.பி.எஸ். மாதிரிப் பட்டமும் வேலையும் கொடு என்று போராடினார்கள். சம்பளமும் மரியாதையும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே படித்தவன் போவான்? அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைத்தியர்களிலேயே "சுத்தம்" என்று ஒரு கட்சி, "மிச்ரம்" என்று ஒரு கட்சி. கலந்தால் சாஸ்திரம் கெட்டுவிடும் என்றார்கள் முதல் கட்சியினர். 1948-ல் மத்திய அரசின் சோப்ரா கமிட்டி இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னது. ஆனாலும் 1960-ல் சென்னைக் கல்லூரியின் கதை முடிந்தது. அந்த இடத்தில் வந்ததுதான் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, முழுக்க முழுக்க ஆங்கில மருத்துவம்.

இப்போது பாளையங்கோட்டைக்கு ஏன் நான்கு வருஷத்தில் தனியாக ஒரு சித்தக் கல்லூரி வந்தது என்று புரிகிறது அல்லவா? பொதிகை மலையும் அகத்தியர் கதையும் இருக்கும் மண், வைத்தியக் குடும்பங்கள் நிறைந்த பக்கம் என்பதெல்லாம் சரி. ஆனால் அதற்குப் பின்னால், சேர்த்து நடத்திப் பார்த்து முடியாமல் "இனி நீ தனி, நான் தனி" என்று பாகம் பிரித்த கதையும் இருக்கிறது.

இரண்டாவது வழி டாக்டரைக் கலப்பதல்ல, செடியைப் பிழிவது. இதில் இந்தியா ஒரு பெரிய வெற்றி பெற்றது, ஆனால் அந்த வெற்றி யார் பெயரில் எழுதப்பட்டது என்று பாருங்கள். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைப் பீகாரில் பைத்தியத்துக்கு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இந்த வேர் கேட்கிறது என்று எழுதினார்கள். அதே வருஷம் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பிரஷர் இறங்கியதை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்து சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்து மாத்திரையாக்கி விற்றது.

அடுத்து வருவதுதான் நம் கழுத்து விஷயத்துக்கு நேராக வருகிறது. பிரஷரைக் குறைத்தால் பக்கவாதம் குறையுமா என்பதே அந்தக் காலத்தில் சந்தேகம். 1967-ல் அமெரிக்காவில் பழைய ராணுவத்தினர் 143 பேரை வைத்து நடந்த சோதனை முடிவு வந்தது. எல்லோருக்கும் கடுமையான பிரஷர். 73 பேருக்கு மூன்று மருந்து சேர்த்துக் கொடுத்தார்கள், 70 பேருக்குச் சும்மா மாத்திரை. சும்மா மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குப் பெரிய விபரீதம் நடந்தது. மருந்துக்காரர்களில் 2 பேருக்கு. அந்த மூன்று மருந்தில் ஒன்று ரெசர்பின். பிரஷர் மாத்திரை உயிரைக் காக்கிறது என்று முதன்முதலில் அழுத்தமாகக் காட்டிய சோதனையில், பீகார் வேரும் மேற்கத்திய மாத்திரையும் ஒன்றாகத்தான் வேலை செய்தன! ஆனால் யாரும் அதை ஒருங்கிணைந்த மருத்துவம் என்று சொல்லவில்லை. வேர் வேதிப்பொருளாகி, வேதிப்பொருள் மாத்திரையாகி, மாத்திரை ஆங்கில மருந்தாகிவிட்டது. பிறகு மனச்சோர்வு வருகிறது என்ற புகாராலும், நல்ல மருந்துகள் வந்ததாலும் அதுவும் பின்னுக்குப் போனது.

குக்குலு கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. 1966-ல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் சத்யவதி என்ற ஆராய்ச்சி மாணவி, சுஸ்ருதர் சொன்ன மேத நோய் விவரத்தை வாசித்து, இது கொழுப்பு படிவது மாதிரியே இருக்கிறதே என்று யோசித்து, அதற்குச் சொன்ன குக்குலுப் பிசினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொழுப்பு குறைந்தது. சாஸ்திரத்தை வாசித்து அதிலிருந்தே சோதனைக்குக் கேள்வி எடுத்ததற்கு இது அருமையான உதாரணம். பிசினிலிருந்து எடுத்த சாறு 1980-களின் பிற்பகுதியில் இந்தியாவில் கொலஸ்ட்ரால் மருந்தாக விற்பனைக்கும் வந்தது. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் முறையாகச் சோதித்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் குறையாதது மட்டுமல்ல, கொஞ்சம் ஏறவும் செய்தது. சிலருக்கு உடம்பில் தடிப்பு வேறு. அதைக் கேட்டு "வெள்ளைக்காரன் சதி" என்பதும் தப்பு, "பார்த்தாயா, எல்லாம் பொய்" என்பதும் தப்பு. ஒரு மருந்து, ஒரு விதமான சாறு, ஒரு ஊர் மக்களிடம் பலிக்கவில்லை. அவ்வளவுதான் அந்தச் சோதனை சொன்னது. ஆனால் அந்த அளவுக்கு அதை மதிக்கத்தான் வேண்டும்.

மருதம்பட்டை நம்ம ஊர்ச் சரக்கு. தாமிரபரணிக் கரையில் நிழல் தரும் மரம், திருப்புடைமருதூரில் தல மரம். பட்டையைக் கஷாயம் வைத்து நெஞ்சுக்குக் குடிப்பது பழைய பழக்கம். 2002-ல் நெஞ்சுவலி உள்ள 58 ஆண்களிடம் நடந்த இந்தியச் சோதனையில் மருதம்பட்டைச் சாறு வலியைக் குறைத்து, நடக்கும் தெம்பைக் கூட்டியது என்று வந்தது. 2016-ல் இதயம் பலவீனமான 100 பேரிடம் டெல்லியில் நடந்த இன்னொரு சோதனையில், இதயம் ரத்தம் தள்ளும் திறன் கூடவில்லை என்று வந்தது. இரண்டு நோய், இரண்டு கேள்வி, இரண்டு பதில். கழுத்துத் தமனிக்கு இந்தப் பட்டையை வைத்து இப்படி முடிவு சொல்லத் தேவை 58 பேர் அல்ல, ஆயிரக்கணக்கான பேர், பல வருஷம்.

யார் பணம் போடுவது? காமர்ஸ் படிக்கிற எவனுக்கும் இங்கே ஒரு சந்தேகம் வரும். பல்லாயிரம் பேரிடம் சோதிக்க கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும். முதலீடு போட்ட கம்பெனிக்குக் காப்புரிமை வேண்டும். ஆற்றங்கரை மரத்துப் பட்டைக்கு யார் காப்புரிமை கொடுப்பது? மஞ்சள் காயம் ஆற்றும் என்று 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையையே இந்தியா எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அது நியாயம்தான், பாட்டி சொத்தை யாரோ பதிவு செய்துகொள்ள விட முடியாது. 2001-ல் பழைய நூல்களில் உள்ள மருந்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான மருந்தைச் சோதிக்க எந்தத் தனியாருக்கும் லாபம் இல்லை. அப்படியென்றால் அரசாங்கம்தான் போட வேண்டும். அரசாங்கம் கல்லூரி கட்டியது, அமைச்சகம் அமைத்தது (2014-ல் ஆயுஷுக்குத் தனி அமைச்சகமே வந்தது), ஆனால் இப்படிப்பட்ட பெரிய சோதனைக்கு அந்த அளவு மனசு வரவில்லை.

மூன்றாவது வழியைச் சீனா எடுத்தது. அங்கே 1950-களில் மாவோ ஆட்சி இரண்டு வைத்தியத்தையும் சேர்க்கச் சொன்னது. அதில் அரசியல் நிறைய இருந்தது, டாக்டர் பற்றாக்குறையும் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். நாம் நாட்டு வைத்தியம் படிக்கிறவனுக்கு ஆங்கில மருத்துவம் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் ஆங்கில மருத்துவம் முடித்தவர்களையும் இரண்டு, மூன்று வருஷம் சீன வைத்தியம் படிக்க அனுப்பினார்கள். 1955-ல் பெய்ஜிங்கில் அதற்கென்று பெரிய ஆராய்ச்சி நிலையம் வந்தது. மருந்தியல் முடித்துவிட்டு அப்படி 1959 முதல் 1962 வரை சீன வைத்தியம் படித்தவர்களில் ஒருவர் தூ யூயூ. பழைய ஏட்டைப் பார்த்து மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டுபிடித்து 2015-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான். ஹைகிரவுண்டில் படித்து முடித்த ஒரு எம்.பி.பி.எஸ்.ஸை இரண்டு வருஷம் பக்கத்துச் சித்தக் கல்லூரிக்கு அனுப்புவதை யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தச் சிரிப்பில்தான் நம் பிரச்சினை இருக்கிறது.

சீனர்களின் சிவப்பு ஈஸ்ட் அரிசி இன்னொரு வேடிக்கை. அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் செய்வது, சமையலுக்கும் மருந்துக்கும். 1979-ல் ஜப்பானின் அகிரா எண்டோ அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். 1987-ல் அமெரிக்கா அனுமதித்த லோவாஸ்டாட்டின் மாத்திரையும் அதுவும் ஒன்றே! அதாவது கொலஸ்ட்ரால் மாத்திரையும் சீன அரிசியும் அண்ணன் தம்பி. மாத்திரை வேண்டாம், இயற்கைதான் வேண்டும் என்று இந்த அரிசியைச் சாப்பிடுகிறவர் மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார், அளவு தெரியாமல். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரண்டு மடங்கு. முறையாகத் தயாரித்த அரிசிச் சாற்றை மாரடைப்பு வந்த 4,870 பேரிடம் சீனாவில் சோதித்து, மறுபடி மாரடைப்பும் அதனால் வரும் சாவும் நன்றாகக் குறைந்ததை 2008-ல் வெளியிட்டார்கள். 2024-ல் ஜப்பானில் ஒரு கம்பெனியின் சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து, மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். சரக்கு ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பு வேறு.

கழுத்துக்கே நேராக வந்த சோதனையும் சீனாவில்தான். டாங்சின்லுவோ என்று ஒரு கேப்ஸ்யூல். ஜின்செங், அட்டை, தேள், பூரான் எல்லாம் சேர்ந்த சரக்கு (முகம் சுளிக்க வேண்டாம், நம் சித்த ஏடுகளிலும் நண்டு, ஆமை ஓடு எல்லாம் உண்டு). கழுத்துத் தமனியில் படிவு உள்ள 1,212 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஆங்கில சிகிச்சை. பாதிப் பேருக்கு அதோடு இந்தக் கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஸ்கேன் செய்து பார்த்ததில், கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்குத் தமனிச் சுவர் தடிப்பது மந்தமாக இருந்தது. 2019-ல் இது வெளியானது. 2023-ல் அதே மருந்தை மாரடைப்பு வந்த 3,777 பேரிடம், 124 ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். 30 நாளில் சாவு, மறு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய விபரீதங்கள் வெறும் கேப்ஸ்யூல்காரர்களில் 5.2 சதவீதம், மருந்துக்காரர்களில் 3.4 சதவீதம்.

உடனே போய் பூரான் பிடிக்க வேண்டாம்! சுவர் தடிப்பது மந்தமானால் பக்கவாதம் குறையும் என்று அர்த்தமில்லை, அது தனிக் கேள்வி. எல்லாச் சோதனையும் சீனாவுக்குள்ளேயே நடந்தது, வேறு நாட்டில் வேறு ஆட்கள் செய்து பார்த்தால்தான் நம்பிக்கை உறுதிப்படும். இங்கே பார்க்க வேண்டியது முடிவை அல்ல, சோதித்த விதத்தை. மருந்தை உடைத்து ஒரே ஒரு பொருளைத் தேடவில்லை. ஆங்கில மருந்தை நிறுத்தவும் இல்லை. ஜனங்கள் வீட்டில் எப்படிக் கலந்து சாப்பிடுகிறார்களோ, அந்தக் கலவையையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தார்கள். 1918-ல் கோமனிடம் வைத்தியர்கள் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை, ஆனால் பாதிப் பதிலாவது.

இருட்டில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. சீனர்கள் இதயத்துக்குச் சாப்பிடும் டான்ஷென் வேர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்து ஆபத்தான ரத்தக்கசிவு வந்ததை 1990-களில் ஹாங்காங் டாக்டர்கள் எழுதினார்கள். பூண்டும் ரத்தத்தை இளக வைக்கும். குழம்பில் போடுகிற பூண்டில் பயமில்லை, ஆனால் கழுத்து அடைப்புக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடும் ஒருவர் தினமும் பூண்டு மாத்திரையை மருந்து மாதிரி விழுங்கினால் அது டாக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதுவும் அறுவைக்குப் போகும்போது. 2004-ல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் இருந்தன. ஈயம் பிரஷரை ஏற்றும். பிரஷர் கழுத்தை அடைக்கும். முறைப்படி பஸ்பம் செய்யத் தெரிந்தவருக்கும் லேபிள் ஒட்டி விற்கிறவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வாங்குகிறவரிடம் எந்தக் கருவியும் இல்லை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து வேறு ஒன்று. சூரணம் ஆரம்பித்த தெம்பில் பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் ஒரு நாள் தாமாகவே நிறுத்திவிடுவது. இதைச் சித்த டாக்டர் சொல்லியிருக்க மாட்டார். ஹைகிரவுண்ட் டாக்டருக்குத் தெரிந்திருக்காது.

சேர்ந்து வேலை செய்யவே முடியாது என்றும் இல்லை. 2012-ல் திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு உலுக்கியபோது, ஆங்கில சிகிச்சையோடு நிலவேம்புக் குடிநீரையும் அரசாங்கமே கொடுத்தது. ஒன்பது சரக்கு சேர்ந்த அந்தக் கசப்பை வரிசையில் நின்று குடித்தவர்களுக்கு மறந்திருக்காது. 2020-ல் கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர். இரண்டு சமயமும் பயம்தான் இரண்டு துறையையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தது. பயம் போனதும் மேஜையும் போய்விட்டது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆங்கில டாக்டரும் சித்த டாக்டரும் ஒரே கட்டடத்தில் உட்கார வழி செய்தார்கள். கட்டடம் ஒன்றாயிற்று, நோயாளியின் சீட்டு ஒன்றாகவில்லை.

பாளையங்கோட்டைச் சித்தக் கல்லூரியில் எம்.டி. படிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு நோய், ஒரு மருந்து, சில பத்து நோயாளிகள், மருந்துக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு பல ஏடுகளில் இருக்காது என்பது அவற்றின் பெரிய குறை. அதைச் சரிசெய்ய ஸ்கேனும், நரம்பியல் டாக்டரும், புள்ளிவிவரக்காரரும் வேண்டும். மூன்றும் அதே ஊரில், ஹைகிரவுண்டில் இருக்கின்றன. டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்.